ஈயம் என்றால் எந்த ஈயம்?

உடல் நலப் பகுதி

சென்ற இதழில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் நேரிலும் தொலைபேசியிலும் விசாரித்தார்கள். அவர்களுக்கு நன்றி.

இம்முறை எழுத எடுத்துக்கொண்ட விஷயம் மகா சிவராத்திரி அன்று ஆலயத்தில் ஓர் அம்மையார் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது. இரண்டாம் கால பூஜை முடிந்து எல்லோரும் கீழே பால் அருந்திக்கொண்டிருந்தோம். அவர் கைப்பையிலிருந்து ஒரு பச்சை நிற டப்பாவை எடுத்து என்னிடம் காட்டினார். "டாக்டர், இந்தப் பொடியை வெந்நீரில் கலந்து 21 நாள் குடித்தால் உடம்பில் சேர்ந்திருக்கும் விஷமெல்லாம் இறங்கிவிடும் என்கிறார்களே, குடிக்கலாமா?" என்றார்.

"எந்த விஷம் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா, அம்மா?" என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

நம் உடம்பில் அன்றாடம் உண்டாகும் கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவை இரவு பகல் ஓயாமல் அந்த வேலையைச் செய்கின்றன. அவை பழுதுபட்டால் பச்சைப் பொடி உதவாது; அவை நன்றாக இருந்தால் பச்சைப் பொடி தேவையில்லை. பெயர் இல்லாத விஷத்துக்கு மருந்து கிடையாது.

ஆனால் அம்மையாரின் கவலையை நான் சிரித்து ஒதுக்கிவிடவில்லை. பெயர் உள்ள விஷங்கள் சில நம் வீட்டுக்குள் உண்மையாகவே வருகின்றன. அவற்றில் ஒன்று ஈயம். உள்ளே போனபின் அதை வெளியேற்றுவது கடினம். உள்ளே வராமல் தடுப்பது எளிது. ஆகவே "எப்படி இறக்குவது?" என்று கேட்பதற்கு முன் "எந்த வழியாக வருகிறது?" என்று கேட்கவேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்ததை வைத்து மட்டும் சொல்லவில்லை. அந்த விஷம் என் வீட்டுக்குள்ளேயே வந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

எங்கள் வீட்டில் நடந்தது

நம் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும் என்பது விதி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேத்திக்கு ஒரு வயது நிறைந்தபோது இந்தப் பரிசோதனை செய்தார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் ஈயம் 9 என்று வந்தது. அதாவது 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 9 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. "இவ்வளவு கொஞ்சமா!" என்று தோன்றும். ஆனால் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-ல் வகுத்த அளவின்படி 3.5-க்கு மேல் போனாலே காரணத்தைத் தேடவேண்டும்.

விரலில் அழுக்கு இருந்தால்கூடச் சில சமயம் இப்படிக் காட்டும். ஆகவே நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து மறுபடியும் பார்த்தார்கள். 8 என்று வந்தது. சந்தேகம் தீர்ந்தது, கவலை தொடங்கியது.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி என் மகளின் வீட்டுக்கு வந்தார். சுவரின் பெயிண்ட், ஜன்னல் விளிம்பின் தூசி, குழாய்த் தண்ணீர், தோட்டத்து மண் எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. புறப்படும்போது, "குழந்தை பகல் பொழுதில் எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பாட்டிதான் பார்த்துக்கொள்கிறாள்.

மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுடையது 1994-ல் கட்டிய வீடு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் கலப்பதை அமெரிக்கா 1978-லேயே தடை செய்துவிட்டது. ஆகவே நான் தைரியமாக இருந்தேன். "சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரத்தில் சமைக்கிறீர்களா?" என்று அவர் கேட்டபோது, "இல்லை, எல்லாம் எவர்சில்வர்தான்" என்று நான் பதில் சொன்னேன். என் மனைவி சமையலறையிலிருந்து, "ரசத்துக்கு மட்டும் ஈயச்சொம்பு" என்றாள்.

அந்தச் சொம்பின் கதை இதுதான். என் தாயார் கொடுத்த பழைய ஈயச்சொம்பு ஒன்று முப்பது வருடம் எங்களோடு இருந்தது. ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஒரு நாள் தொலைபேசிப் பேச்சில் கவனம் சிதறி அது உருகிப்போயிற்று. அடுத்த முறை ஊருக்குப் போனபோது என் அக்கா தனக்கு ஒன்றும் எங்களுக்கு ஒன்றுமாக இரண்டு புதுச் சொம்பு வாங்கி வைத்திருந்தார். "பழையதைவிட நல்ல கனம், நல்ல ஈயம்" என்று என் மனைவிக்கு அதில் ஒரே பெருமை. பேத்திக்கு எட்டு மாதம் முதல் தினமும் மத்தியானம் ரசஞ்சாதம் அதிலிருந்துதான்.

அதிகாரி துப்பாக்கி போன்ற ஒரு கருவியைச் சொம்பின் மேல் வைத்தார். எக்ஸ் கதிரைச் செலுத்தி எந்த உலோகம் என்று சொல்லிவிடும் கருவி அது. சில வினாடிகளில் எண் வந்தது. சொம்பில் பெரும் பகுதி காரீயம். கொஞ்சம் ரசத்தையும் புட்டியில் எடுத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். ரசத்தில் ஈயம் நன்றாக இறங்கியிருந்தது.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கும் வழங்கிவருகிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பாத்திரத்துக்குப் பூசுவதும், சொம்பு வார்ப்பதும் வெள்ளீயத்தில். அதனால் இந்த அபாயம் இல்லை. காரீயம் விலை மலிவு. பார்வைக்கு அதைப்போலவே இருக்கும். ஆனால் கனம் அதிகம். ஒரே அளவுள்ள வெள்ளீயத்தைவிடக் காரீயம் ஒன்றரை மடங்கு கனக்கும். எந்தக் கனத்தை நாங்கள் தரம் என்று நினைத்தோமோ அதுவேதான் விஷத்தின் அடையாளமாக இருந்தது.

அன்று இரவே அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சுத்த ஈயம் என்று சொல்லித்தானே கடைக்காரன் கொடுத்தான், தம்பி!" என்று பதறினார். "அவன் பொய் சொல்லவில்லை அக்கா, காரீயமும் ஈயம்தானே" என்றேன். இரட்டைச் சொம்பில் மற்றது அக்கா வீட்டு அடுப்பில் இருந்தது. அங்கேயும் இரண்டு பேரக்குழந்தைகள். மறுநாளே அதை எடுத்து வைத்துவிட்டார்.

என் மனைவி அழுதாள். "என் கையாலே ஊட்டினேனே" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேல் தவறில்லை. தவறு இருந்தால் என் மேல்தான். தஞ்சாவூரில் மருத்துவம் படித்தபோது ஈய விஷத்தின் அறிகுறிகளை வரிசையாக ஒப்பித்துத் தேறியவன் நான்: ஈறில் நீலக் கோடு, மணிக்கட்டு தொங்கிப் போதல், வயிற்று வலி, இரத்த சோகை. பரீட்சையில் எழுதியதை என் வீட்டு அடுப்பில் நான் தேடவில்லை. என் இரத்தத்தில் 6, மனைவியின் இரத்தத்தில் 7 இருந்தது. ரசம் எல்லோரும்தானே சாப்பிட்டோம்!

குழந்தைகளுக்கு ஏன் அதிகக் கெடுதல்

ஈயத்தால் உடம்புக்கு எந்த உபயோகமும் கிடையாது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவும் கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் குடல் 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை அது பாதிக்கிறது. படிப்பில் பின்தங்குதல், கவனம் நிலைக்காமை, துடுக்குத்தனம் முதலியவை பின்னால் தெரியவரலாம். ஆனால் அந்தச் சமயத்தில் குழந்தை நன்றாகத்தான் விளையாடும், சாப்பிடும், தூங்கும். எங்கள் பேத்தியும் அப்படித்தான் இருந்தாள். இரத்தப் பரிசோதனை ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

ஈயம் சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து எலும்புக்குள் புகுந்துகொள்ளும். இரத்தத்திலிருந்து சில வாரங்களில் பாதியளவு குறையும். எலும்பிலிருந்து நீங்கப் பல பத்து வருடங்கள் ஆகும். கர்ப்பிணியின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது பழைய ஈயமும் கூடவே கரைந்து கருவிலிருக்கும் குழந்தைக்குப் போகும். ஆகவே கல்யாணமான பெண்கள் வீட்டில் இருந்தால் முன்னதாகவே கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் கூடுவதும் சிறுநீரகம் கெடுவதும் உண்டு.

நம் வீட்டுக்குள் வரும் வழிகள்

முதல் வழி பாத்திரம். புளிப்பு உள்ள பண்டம் உலோகத்தை அரிக்கும். புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர், மோர் இவற்றைப் பித்தளையில் வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார்கள் சொன்னது களிம்புக்குப் பயந்து. அந்த எச்சரிக்கை ஈயத்துக்கும் பொருந்தும். பண்டைய ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி இனிப்புப் பாகு செய்தார்கள். அந்த இனிப்பில் ஈயமும் சேர்ந்தே இருந்தது. நம் ரசத்தில் நடந்ததும் அதே இரசாயனம்தான்.

ஈயச்சொம்போடு விஷயம் முடியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த சில அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் ஈயம் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. இண்டாலியம் வாணலி இல்லாத தமிழர் வீடு குறைவு. பழைய உலோகத் துண்டுகளையும் இயந்திரப் பாகங்களையும் உருக்கி வார்க்கும்போது ஈயம் கலந்துவிடுகிறது. தேய்த்துக் கழுவினால் போகாது. சமைக்க எவர்சில்வர் நல்லது. தோசைக்கும் வதக்கலுக்கும் இரும்பு நல்லது. கொஞ்சம் இரும்புச் சத்தும் சேரும். பழைய சொம்பின்மேல் பாசம் இருந்தால் அதைக் கொலுப்படியில் வையுங்கள், அடுப்பில் வேண்டாம்.

இரண்டாவது வழி மஞ்சள். பங்களாதேஷில் 1980-களில் ஒரு பெருவெள்ளத்தின்போது மஞ்சள் நனைந்து நிறம் மங்கிற்று. அதை விற்பதற்காக மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைப் பூசத் தொடங்கினார்கள். அது ஈயக் குரோமேட். பெயிண்டுக்குப் பயன்படுவது. வெள்ளம் வடிந்தும் பழக்கம் போகவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் உள்ளூர் விஞ்ஞானிகளும் இதை 2019-ல் வெளிப்படுத்தினார்கள். அரசாங்கம் கடைகளைச் சோதித்து, அபராதம் விதித்து, மக்களுக்கு எடுத்துச் சொல்லிற்று. 2019-ல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மனம் வைத்தால் இரண்டே வருடத்தில் ஒழிக்கக்கூடிய தீமை இது.

மற்ற இடங்களில் இன்னும் ஒழியவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய 356 மாதிரிகளில் 14 சதவீதத்தில் ஈயம் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது என்று 2024-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய ஊர்களில் மிக மோசமான மாதிரிகள் கிடைத்தன.

"நாங்கள் இங்கே கடையில் வாங்குவதில்லை, ஊரிலிருந்து வரும்போது வருடத்துக்கு வேண்டியதைக் கொண்டுவந்துவிடுவோம், அதுதான் சுத்தம்" என்று சொல்வோர் நம்மில் அதிகம். நானும் அப்படிச் சொன்னவன்தான். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை பத்து வருடங்களில் சுமார் 1,500 மசாலாப் பொருள் மாதிரிகளைச் சோதித்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஈயம் தென்பட்டது. இங்கே கடையில் வாங்கியவற்றைவிட வெளிநாட்டில் வாங்கி வந்தவற்றில்தான் ஈயம் அதிகம் என்று கண்டார்கள். 'ஊரிலிருந்து வந்தது' என்பது அன்புக்குச் சான்று. சுத்தத்துக்குச் சான்று அல்ல.

எல்லாம் கெட்டது என்றும் பயப்படவேண்டாம். பளபளவென்று மெருகேற்றி மின்னும் மஞ்சள் கிழங்கையும், சாக்கிலிருந்து அள்ளித் தரும் மஞ்சள் பொடியையும் தவிர்க்கவும். பொட்டலத்தில் கட்டி, பெயரும் தயாரித்த இடமும் அச்சிட்டு வருவதை வாங்கவும். மற்ற மசாலாக்களை முழுதாக வாங்கி வீட்டில் பொடிப்பது நல்லது. 2023-ல் அமெரிக்காவில் ஆப்பிள் கூழில் கலந்த இலவங்கப்பட்டைப் பொடியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஈயத்தால் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பட்டை இலங்கையில் விளைந்தது. முழுப் பட்டையைச் சோதித்தபோது ஈயம் இல்லை. எக்வடோர் நாட்டில் பொடியாக்கிய இடத்தில்தான் கலப்படம் நடந்திருக்கவேண்டும் என்று அதிகாரிகள் கண்டார்கள்.

மூன்றாவது வழி குங்குமமும் சிந்தூரமும். உண்மையான குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது. அது குற்றமற்றது. கடையில் விற்கும் சிவப்புப் பொடிகளில் செவ்வீயம் என்னும் ஈய உப்பு கலப்பதுண்டு. பாஸ்டன் நகர டாக்டர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று சிந்தூரப் பொடிகளில் எடைக்கு 47 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருந்தது. நம் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் நியூ ஜெர்சிக் கடைகளிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஐந்தில் நான்கு பங்குக்கு ஒரு கிராமில் ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது.

நெற்றியில் இட்டுக்கொள்வதால் பெரியவர்களுக்கு அதிகம் உள்ளே போகாது. குழந்தை நெற்றியைத் தடவி விரலை வாயில் வைக்கும்போதுதான் போகிறது. கைக்குழந்தைக்குக் கடைக் கண்மையும், முக்கியமாகச் சுர்மாவும் தீட்டவேண்டாம். சுர்மாவில் ஈயக் கல்லையே பொடித்துச் சேர்ப்பதுண்டு.

நான்காவது வழி மருந்து. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. மூலிகை வேறு, உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம், பஸ்மம் வேறு. 2004-ல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. ஊரிலிருந்து யாராவது வாங்கிவந்த சர்க்கரை வியாதி மாத்திரை, மூட்டுவலிச் செந்தூரம் வீட்டில் இருந்தால் உங்கள் டாக்டரிடம் பெட்டியோடு காட்டுங்கள். மறைக்கவேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றைத் தொடவே வேண்டாம்.

இவை தவிர இந்நாட்டுக்கே உரிய வழிகளும் உண்டு. 1978-க்கு முன் கட்டிய வீடானால் உரிந்த பெயிண்டின் தூசி. பழைய தெருவானால் ஈயக் குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீரைச் சிறிது ஓடவிட்டுப் பிடியுங்கள். சமையலுக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்கவேண்டாம்; சூடான நீர் ஈயத்தை அதிகம் கரைக்கும். தூசியை உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் நம் வழக்கத்தை இங்கே வந்தபின் சிலர் விட்டுவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தெரு மண்ணில் இருக்கும் ஈயம் வாசலோடு நின்றுவிடும்.

உணவால் செய்யக்கூடியது

ஈயத்தை உணவால் இறக்க முடியாது. ஆனால் உறிஞ்சவிடாமல் தடுக்க உணவு உதவும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குடல் ஈயத்தை ஆவலோடு ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் போதுமான அளவு இருந்தால் ஈயத்துக்கு இடம் குறையும். சுத்த சைவக் குழந்தைகளுக்கு இரும்புச் சத்துக் குறைவு சாதாரணம். பால் நல்லதுதான்; ஆனால் பாலையே நாள் முழுதும் கொடுத்து வயிற்றை நிரப்பினால் இரும்புச் சத்து சேராது.

கேழ்வரகுக் கூழ், தயிர், பருப்பு, கொண்டைக்கடலை, முளைகட்டிய பயறு, கீரை, எள் ஆகியவை நல்லவை. கூடவே எலுமிச்சம்பழமோ, ஆரஞ்சோ, கொய்யாவோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு காப்பியும் தேநீரும் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முட்டை, மீன் சாப்பிடுகிற வீடுகளில் அவையும் நல்லவை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெறும் வயிற்றில் ஈயம் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. ஆகவே காலையில் குழந்தைக்குப் பசி ஆறச் சாப்பாடு கொடுத்துவிட்டு விளையாட விடுங்கள். விரதம் இருப்பவர்கள் விரதம் முடிக்கும்போது பித்தளைப் பாத்திரத்தில் வைத்த பானகத்தையோ மோரையோ முதலில் குடிக்கவேண்டாம்.

நம் ஆலயத்தில்

நிர்வாகக் குழுவினரிடம் மூன்று வேண்டுகோள் வைத்தேன். அன்போடு கேட்டுக்கொண்டார்கள். புளியோதரை, தயிர்ச்சாதம், பானகம் மூன்றையும் இனி எவர்சில்வரிலேயே செய்து எவர்சில்வரிலேயே வைப்பது என்று மடைப்பள்ளியில் தீர்மானித்திருக்கிறார்கள். அர்ச்சனைக்கு வாங்கும் குங்குமத்தில் ஒரு பொட்டலத்தைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் இசைந்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் இந்தப் பக்கத்தில் தெரிவிக்கிறேன்.

மூன்றாவது சற்றே சங்கடமான விஷயம். பஞ்சலோகத்தில் காரீயமும் சேர்ப்பதுண்டு. உற்சவ மூர்த்தியின்மேல் அபிஷேகம் செய்த பஞ்சாமிர்தத்தையும் தயிரையும் சிறு குழந்தைகளுக்கு ஊட்டாமல், நைவேத்தியமாகத் தனியே வைத்ததை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. குருக்களிடம் கேட்டேன். "தாராளமாகச் செய்யலாம், நைவேத்தியமும் பிரசாதம்தானே" என்றார். திருநீற்றைக் குழந்தையின் நெற்றியில் இடுங்கள். சிட்டிகை எடுத்து வாயில் போடும் வழக்கத்தைக் குழந்தைகளுக்கு மட்டும் நிறுத்திவைப்போம்.

முடிவாக

எங்கள் பேத்திக்கு மருந்து ஏதும் கொடுக்கவில்லை. ஈயத்தை இழுத்து வெளியேற்றும் ஊசி மருந்தும் மாத்திரையும் உண்டு. ஆனால் 45-ஐ எட்டினால்தான் பொதுவாக அதைக் கொடுப்பார்கள். சொம்பை எடுத்தோம், இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்தோம், காத்திருந்தோம். நான்காவது மாதம் 5 ஆயிற்று. ஒரு வருடத்தில் 3-க்குக் கீழே இறங்கிற்று. இப்போது மூன்று வயது, ஓயாமல் பேசுகிறாள். அந்த நான்கு மாத ரசம் அவளிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டதா என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. அந்தக் கேள்வி என்னோடு இருக்கும். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் சமையலறை, பூஜை அறை, மருந்து அலமாரி மூன்றையும் பாருங்கள். எந்தப் பொருளையும் எடுத்து, "இது எதனால் செய்தது? எங்கிருந்து வந்தது? குழந்தையின் வாய்க்குப் போகுமா?" என்று கேளுங்கள். கண்ணால் பார்த்தோ கையால் தூக்கியோ ஈயத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. சந்தேகம் வந்தால் ஒதுக்கி வையுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ வீட்டில் இருந்து, மேலே சொன்ன பொருள்களில் ஒன்று புழக்கத்தில் இருந்தால், டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். "எங்கள் வீட்டில் அதெல்லாம் இருக்காது" என்று சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பச்சை டப்பா அம்மையார் மறுவாரம் ஆலயத்தில் என்னைக் கண்டு சிரித்தார். டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பணத்தில் ரசத்துக்கு ஓர் எவர்சில்வர் பாத்திரம் வாங்கியிருக்கிறார். "ஈயச்சொம்பு ரசத்தின் மணம் வரவில்லை, டாக்டர்" என்று குறைப்பட்டார். எங்கள் வீட்டிலும் வரவில்லை. பெருங்காயத்தைக் கொஞ்சம் கூடப் போட்டுப் பார்க்கிறோம்.

அடுத்த இதழில் அரிசியில் சேரும் ஆர்சனிக்கைப் பற்றியும், நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடிக்கும் பழைய முறையால் வரும் நன்மையைப் பற்றியும் எழுதுகிறேன். வாசகர்கள் தங்கள் கேள்விகளை ஆலய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

எல்லோரும் நலமாயிருக்க இறைவன் அருள் புரிவானாக.